போட்டி நடக்கவில்லை

மீள்பதிவு விண்ணப்பம், நாலு பிரதி.
ஆறாவது கேள்வி:
கழகத்தின் வரலாறும் பெறுபேறுகளும்,
ஆரம்பித்த ஆண்டிலிருந்து, ஆதாரத்துடன்.

ஆதாரம் ஐந்து சீ.ஆர். கொப்பி.
மல்லாவியை விட்டுக் கிளம்பும்போது
உழவு மெஷின் பெட்டியில்
உமி மூட்டைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கிடந்தது.
தருமபுரத்தில் கண்டேன்.
இரணைப்பாலையிலும் கண்டேன்.
வட்டுவாகல் பாலத்தில் என் கையில்
பிள்ளை மட்டும்தான் இருந்தது.

நான் பொருளாளர்.
ஒருநாளும் பதினொருவரில் நின்றதில்லை.
பந்துக்குக் காசு தெண்டினவன்,
பந்து வராத வருஷங்களில்
சைக்கிள் ரியூப் வெட்டிப் பிளேடருக்கு ஒட்டுப் போட்டவன்,
கோல் விழுந்த நிமிடத்தைக் குறித்தவன்.

வவுனியாவில் ஒரு கழகம் தன் அலுமாரியைத் திறந்து காட்டியது.
அங்கே நாங்கள் இருந்தோம்.
எண்பத்தெட்டில் மூன்றுக்குப் பூச்சியம்.
எண்பத்தொன்பதில் நாலுக்கு ஒன்று.
நாங்கள் தோற்றதையெல்லாம்
வென்றவன் எழுதி வைத்திருந்தான்,
நீல மையில், திகதி போட்டு, எங்கள் பெயரில் எழுத்துப் பிழையோடு.
வென்றது எங்கள் கொப்பியோடு போய்விட்டது.

தொண்ணூற்றேழு இறுதியாட்டத்துக்கு
ஆளுக்கொரு கணக்கு.
இரண்டுக்கு ஒன்று என்கிறான் கிருபைராசா.
மூன்றுக்கு ஒன்று, மூன்றாவது தன்னுடையது என்கிறான் அமலதாஸ்.
யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து வந்ததில்
குருநகர் விங்கர்கள் இரண்டு பேர் எங்களுக்குக் கிடைத்ததில் மட்டும்
சண்டையில்லை.

அப்போதுதான் பார்சல் வந்தது.
கோல் காப்பாளர் அன்ரன் இப்போது
மெல்பேணுக்கு அங்கால், ரயிலில் நாலு மணித்தியாலம்,
கோதுமை விளையும் ஒரு சின்ன ஊரில்.
உள்ளே முட்டை மாதிரி ஒரு பந்து.
பொடியள் அடித்துப் பார்த்தார்கள்.
நிலத்தில் குத்தி எந்தப் பக்கம் எழும்புமென்று
அதுக்கே தெரியாது.

கூடவே அந்த ஊர்க் கழகத்தின் வரலாறு,
தடித்த அட்டை, நூற்றிருபது வருஷம்.
மழையில் நின்ற ஆட்டம், மணி பிந்தி அடித்த ஆட்டம்,
யார் எத்தனை, யாருக்குக் கால் முறிந்தது.
கம்பத்துக்கு அருகால் தவறிப் போனாலும்
ஒரு புள்ளி கொடுக்கிறார்களாம்.
அதைக் கேட்டு கிருபைராசா கனநேரம் பேசவில்லை.
அவன் அடித்துப் பாலைமரக் கம்பத்தை உரசிப் போனது
எனக்கும் ஞாபகம், தொண்ணூற்றொன்பது அரையிறுதி.

மகள் வாசித்துச் சொன்னாள்.
1915, இரண்டாமிடம்.
1916, போட்டி நடக்கவில்லை, போர்.
1917, போட்டி நடக்கவில்லை.
1918, போட்டி நடக்கவில்லை.
1919, பக்கத்து ஊரை ஒன்பது புள்ளியால் வென்றது.
அவ்வளவுதான்.
விளக்கமில்லை. யாருக்கும் பதில் சொல்கிற தொனியில்லை.

அந்த வரியை எடுத்தேன், கேட்காமல்.
2008, போட்டி நடக்கவில்லை.
2009, போட்டி நடக்கவில்லை.
2010, மைதானத்தில் மிதிவெடி, இன்னும் விடவில்லை.
2011, பக்கத்துக்கு ஏழு பேர்,
மூலைக்கொடிக்கு
வெடி எடுத்தவர்கள் விட்டுப்போன சிவப்புத் தடி.

அவர்களுடைய புத்தகத்தில்
சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம்.
அடியில் சின்ன எழுத்தில்: திரும்பி வரவில்லை.
எங்கள் 2007 அணியில் பதினேழு பேர்.
மூன்று பேருக்குப் பேனாவால் போட்டேன்,
அடக்கம் செய்ததில் நானும் நின்றேன்.
நாலு பேருக்குப் பென்சில்.

விமலேஸ்வரனின் மனைவி
மகனைக் கழகத்தில் சேர்க்கப் படிவத்தோடு வந்தவ.
மேசையில் கிடந்ததைப் பார்த்தா.
நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
என் அழிறப்பரை எடுத்து அழித்து
தூளை ஊதிவிட்டா.

‘எத்தனை கோல் போட்டிருக்கிறீங்கள்?’
‘நாற்பத்தொன்று.’
‘பக்கத்தில் இதுவரை என்று எழுதுங்கோ.’

எழுதினேன்.
பேனாவால், நாலு பிரதியிலும்.